தெள்ளுப்பூச்சியும் பழைய சேலம் ஜில்லாவும்

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப, ராசிபுரம் பக்கத்துல இருக்கற எங்க அம்மாயி வீட்டைத் திறக்கற வேலை என் தலையில விழுந்தது. அம்மாயி மாமா வீட்டோட போயி ஒரு வருஷம் ஆச்சு. வீடு பூட்டியே கிடந்தது. பின்னாடி ஆசாரத்துல ஒரு தெருநாய் குட்டி போட்டு, வளர்த்து, எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு எங்கேயோ போயிருந்துச்சு. நான் உள்ளே போய் ஜன்னலைத் திறக்கறதுக்குள்ள, கட்டியிருந்த வெள்ளை வேட்டியில கடுகு கொட்டின மாதிரி கறுப்புப் புள்ளிகள். உத்துப் பார்த்தா புள்ளி குதிக்குது.

தெள்ளுப்பூச்சி. முழங்காலுக்குக் கீழே சொறிஞ்சு சொறிஞ்சே அந்தப் பொங்கல் போச்சு.

மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிட்டு அடிச்சாச்சு. ஒரு வாரம் கழிச்சு திரும்பவும் அதே கடுகு. அம்மாயிக்கு போன் பண்ணினா, "மருந்து கெடக்கட்டும் கண்ணு. மேல நாலு வரிசை ஓடு எடுத்துட்டு வெயிலை உள்ள விடு. பிளேக்கு காலத்துல அப்பிடித்தான் பண்ணுவாங்கன்னு எங்க ஆத்தா சொல்லும்"னாங்க. பிளேக்கா? நம்ம ஊர்லயா? இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு ஆபீஸ் வேலைக்கு நடுவுல மூணு மாசமா படிச்சதோட கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

1896-ல பம்பாயில பிளேக் வந்தது. ரெண்டு வருஷத்துல, 1898-ல, பெங்களூர். அங்கிருந்து ஓசூர் ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணம். அன்னைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் எல்லாமே ஒரே சேலம் ஜில்லா. (தருமபுரி பிரிஞ்சது 1965, நாமக்கல் 1997, கிருஷ்ணகிரி 2004.) வண்டிப்பாதை போதாதுன்னு பெங்களூர்ல இருந்து ஜோலார்பேட்டை வழியா சேலத்துக்கு 1860கள்லயே போட்ட ரயில் பாதையும் இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூர்ல இருந்து சேலம் பஸ் ஏறுற ஆயிரக்கணக்கான பொட்டி தட்டுற பசங்கள்ல நானும் ஒருத்தன். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய், சேலம். பிளேக் இறங்கி வந்ததும் கிட்டத்தட்ட இதே ரூட்தான்னு தெரிஞ்சப்புறம் பஸ்ல தூக்கம் வரமாட்டேங்குது.

அரசாங்கம் சும்மா இருக்கலை. 1897-ல கொள்ளைநோய்ச் சட்டம் போட்டாங்க. 2020-ல கொரோனா ஊரடங்குக்கு அரசாங்கங்கள் தூசி தட்டி எடுத்தாங்களே, அதே சட்டம். சென்னை மாகாணத்துல 'பிளேக் பாஸ்போர்ட்'னு ஒண்ணு இருந்தது. நோய் இருக்கற ஊர்ல இருந்து வர்றவன் கையில சீட்டு கொடுப்பாங்க. போற ஊர்ல பத்து நாள் தினமும் அதிகாரி முன்னாடி போய் நின்னு உடம்பைக் காட்டணும். வீட்டுக்குள்ள ரசக்கற்பூரக் கரைசல், கார்பாலிக் அமிலம், சுண்ணாம்பு. துணிமணியை எரிக்கிறது. புனேயில வீடு வீடா புகுந்து சோதனை போட்ட கெடுபிடியில கடுப்பாகி, பிளேக் அதிகாரி ராண்டை 1897 ஜூன்ல சாபேகர் சகோதரர்கள் சுட்டது சரித்திரப் புத்தகத்துலயே இருக்கு.

ஆனா இவ்வளவும் எதைக் குறிவெச்சு? கிருமி தரையில இருக்கு, துணியில இருக்கு, அழுக்குல இருக்கு, ஆளுங்க மூச்சுல இருக்குன்னு நினைச்சு. தெள்ளு பத்தி யாரும் யோசிக்கலை.

யோசிச்ச ஆள் பால் லூயி சைமண்ட்ங்கற பிரெஞ்சு டாக்டர். 1898 ஜூன்ல கராச்சியில ஒரு ஓட்டல் அறையில பெரிய கண்ணாடி ஜாடிக்குள்ள பிளேக் வந்த எலி ஒண்ணு, அதைத் தொட முடியாதபடி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நல்ல எலி ஒண்ணு. நடுவுல தெள்ளு மட்டும் போய்வர முடியும். நல்ல எலிக்கும் பிளேக் வந்து செத்தது. அதே வருஷம் அச்சாயிருச்சு. யாரும் நம்பலை. ஓட்டல் ரூம் ஆராய்ச்சின்னு தள்ளிட்டாங்க போல.

அப்புறம் 1905-ல பம்பாயில ஒரு பெரிய ஆராய்ச்சிக் குழு உட்கார்ந்து முறையா நிரூபிச்சது. இந்தப் பரிசோதனைகள் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஏன்னா நாம கோடுல பிழை தேடுற மாதிரியே ஒவ்வொண்ணா கழிச்சுக்கட்டறாங்க. நோய் வந்த கினிப்பன்றியையும் நல்லதையும் தெள்ளே இல்லாம ஒண்ணா அடைச்சாங்க. பரவலை. தாய்கிட்ட பால் குடிச்ச குட்டிக்குக்கூட வரலை. தெள்ளை உள்ளே விட்டாங்க. பரவிருச்சு. கூண்டைத் தரையில இருந்து ரெண்டடி உயரத்துல தொங்கவிட்டாங்க. வரலை, தெள்ளால அவ்வளவு உயரம் குதிக்க முடியாது. கூண்டைச் சுத்தி ஆறு அங்குலத்துக்கு ஒட்டுப்பசை தடவினாங்க. அப்பவும் உள்ளே இருக்கறது பிழைச்சுக்கிச்சு. தரையிலேயே கிருமியைக் கொட்டியும் பார்த்தாங்க: சாணி மெழுகின தரையில 48 மணி நேரத்துக்கு மேல தொற்று நிக்கலை, சுண்ணாம்புத் தரையில 24 மணி நேரம். சாணி கிருமிநாசினின்னு சண்டைக்கு வர்ற நண்பர்கள் கவனிக்க, சுண்ணாம்புதான் ஜெயிச்சிருக்கு :-) ஆனா முக்கியமான விஷயம் அது இல்லை. ரெண்டு நாள்ல தானா சாகற கிருமிக்காகத்தான் பத்து வருஷமா ஏழைங்க வீட்டுல புகுந்து பாயையும் போர்வையையும் கொளுத்தினாங்க.

1907-ல மட்டும் இந்தியாவுல பிளேக்ல செத்தவங்க சுமார் 13 லட்சம் பேர்.

தெள்ளு கடிச்சா எப்படி நோய் ஏறுதுன்னு 1914-ல பேகட், மார்ட்டின்னு ரெண்டு பேர் லண்டன்ல கண்டுபிடிச்சாங்க. கிருமி தெள்ளோட தொண்டைக்குக் கீழே கட்டியா அடைச்சுக்கும். ரத்தம் உள்ளே இறங்காது. பசி தாங்காம அது திரும்பத் திரும்பக் கடிக்கும், உறிஞ்சின ரத்தம் கிருமியோட கடிவாய்க்கே திரும்பி வரும்.

இப்ப நம்ம ஊர் விஷயம். அரிசி மூட்டையும் எலியும் நெரிசலும் கப்பலும் ஆளும் இருந்த மெட்ராஸ் நகரத்துல பிளேக் பெருசா காலூன்றவே இல்லை. மேட்டு நிலமான சேலம், கோயமுத்தூர், பெல்லாரி பக்கம்தான் அடி. ஏன்? பதில் கொழும்புல கிடைச்சது. 1914-ல கொழும்புல பிளேக் வந்தப்ப ஹர்ஸ்ட்ங்கற நகராட்சி ஆய்வாளர் ஒரு விஷயம் கவனிச்சார். எலித்தெள்ளு எல்லாம் ஒண்ணு இல்லை. 'கியோபிஸ்'னு ஒரு வகை, 'ஆஸ்டியா'ன்னு ஒரு வகை. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. கியோபிஸ் பிளேக் பரப்புறதுல கில்லாடி. ஆஸ்டியா அந்த வேலைக்கு லாயக்கில்லை. கொழும்புல கியோபிஸ் இருந்தது தானியக் கிடங்குகள் இருந்த பகுதியில, நோய் இருந்ததும் அங்கேதான்.

அப்புறம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த எச்.எச்.கிங்கும் சி.ஜி.பண்டிட்டும் சென்னை மாகாணம் பூரா எலி பிடிச்சு தெள்ளு எண்ணி 1931-ல முடிவை வெளியிட்டாங்க. (இன்ஸ்டிட்யூட் பேர்ல இருக்கற கிங் வேற கிங். பண்டிட் பின்னால ஐ.சி.எம்.ஆரோட முதல் இயக்குநர் ஆனவர்.) சூடான கடலோரத்துல ஆஸ்டியா ராஜ்யம். மைசூர் பீடபூமியும் அதை ஒட்டின மேட்டு நிலமும் கியோபிஸுக்குத் தோதான இடம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர், சேலம் சுமார் 280. தொப்பூர் கணவாயில பஸ் இறங்கும்போது காது அடைக்குதே, அந்தப் படிக்கட்டுதான் நம்ம ஜில்லாவோட தலையெழுத்து.

வெயிலும் இதுல ஒரு ஆள். 1917-ல புரூக்ஸ்ங்கறவர் வானிலைக் கணக்கையும் சாவுக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். வெப்பம் 80 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி, காத்துல ஈரமும் வறண்டா பிளேக் அடங்குது. தெள்ளு உடம்புல இருந்து தண்ணி வத்திப் போயிடுது. ஈரமில்லைன்னா அதோட புழுவும் பிழைக்காது. பம்பாய் மாகாணத்துல ஓட்டைப் பிரிச்சு வெயில் விட்டதை அதிகாரிங்க உத்தரவு போட்டே செஞ்சாங்க. அவங்க நினைச்சது வெயில்ல கிருமி சாகும்னு. செத்ததுல பாதி தெள்ளு. காரணம் தப்பு, கைவைத்தியம் சரி. அம்மாயி பாஸ்.

ஜனங்களுக்குக் காரணம் தெரியாட்டியும் ஒரு கணக்கு தெரிஞ்சிருந்தது. வீட்டுல எலி செத்து விழுந்தா ஊரைக் காலி பண்ணு, காட்டுல குடிசை போடு. எலி செத்ததும் உடம்பு சில்லிட, தெள்ளு அடுத்த சூடான உடம்பைத் தேடி இறங்கும். அப்ப நாம அங்கே இல்லாம இருக்கறதுதான் மருந்து. அரசாங்கமும் பின்னாடி இதையே பிடிச்சுக்கிச்சு. ஆனா யாரால போக முடியும்னு யோசிங்க. நிலம் இருக்கறவன் தோட்டத்துச் சாளைக்குப் போயிடுவான். சேலத்து நெசவாளி? குழித்தறி வீட்டுத் தரையிலேயே தோண்டிப் பதிச்சது. தறியை விட்டுட்டுப் போனா அன்னைக்குச் சோறு இல்லை. இருந்தா மண்தரையில, குழியில காலை விட்டுக்கிட்டு, தெள்ளு குதிக்கிற உயரத்துலயே நாள் பூரா உட்காரணும். இது எந்த அறிக்கையிலயும் படிச்சது இல்லை, என்னோட யூகம்தான். ஆனா அந்தக் குழியை நேர்ல பார்த்தவங்களுக்குப் புரியும்.

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் பிளேக் மாரியம்மன் கோவில்களே இருக்கு. ஆத்தாளுக்கு இங்கிலீஷ் பேர் வெச்ச ஜனங்க நாம.

மருந்து அடிக்கிற காலம் 1930கள்ல வருது. எலி வளைக்குள்ள பம்ப் வெச்சு கால்சியம் சயனைடு தூளை ஊதுறது. கம்பம் பள்ளத்தாக்குல ஜார்ஜ், வெப்ஸ்டர்ங்கறவங்க செஞ்ச ஆராய்ச்சி 1934-ல வந்தது. இதுல ஒரு புத்திசாலித்தனம் உண்டு: எலியும் தெள்ளும் வளைக்குள்ளயே ஒண்ணா சாகும். எலியை மட்டும் பொறி வெச்சோ பாஷாணம் வெச்சோ கொன்னா, அநாதையான தெள்ளெல்லாம் நம்ம காலுக்குத்தான் வரும். முதல்ல தெள்ளு, அப்புறம் எலி. வரிசை மாறினா வினை.

அடுத்தது டி.டி.டி. பவுல் முல்லர் 1939-ல அதோட பூச்சிக்கொல்லி குணத்தைக் கண்டுபிடிச்சு 1948-ல நோபல் வாங்கினார். 1953-ல ஆரம்பிச்ச தேசிய மலேரியா திட்டத்துல வீட்டுச் சுவரெல்லாம் அடிச்சாங்க. குறி கொசுவுக்கு, ஆனா பக்கத்துல இருந்த தெள்ளும் விழுந்தது. பிளேக் ஒடுங்கினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. 1966-ல கோலார் மாவட்டம் முல்பாகல் பக்கம் வந்ததுக்கு அப்புறம் 1994 சூரத் பீதி வரைக்கும் இந்தியாவுல மனுஷங்களுக்கு வந்ததா கணக்கு இல்லை. அதுக்குள்ள தெள்ளும் டி.டி.டி.யைத் தாங்கப் பழகிருச்சு. ஓசூர்ல பூச்சிவழி, விலங்குவழி நோய்களுக்காகவே தமிழக அரசோட ஒரு நிறுவனம் இருக்கு. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா சேர்ற அந்த முக்கு பழைய பிளேக் பூமி.

சரி, அம்மாயி வீடு. என் வேட்டியில ஏறினது எலித்தெள்ளு இல்லை, நாய்த்தெள்ளு. பிளேக் பயமெல்லாம் வேண்டாம். ஆனா பொழப்பு ஒண்ணுதான். நாய் மேல இருக்கறது கொஞ்சம். முட்டை உதிர்ந்து புழுதியில கிடக்கும், புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்குல ஒளியும், அப்புறம் கூடு கட்டிக்கும். அந்தக் கூட்டுக்குள்ள மருந்து போகாது. ஆள் நடக்கற அதிர்வும் சூடும் பட்டாத்தான் வெளியே வரும். பூட்டின வீட்டைத் திறந்தவுடனே படையெடுத்தது ஏன், மருந்தடிச்சு ஒரு வாரத்துல திரும்ப வந்தது ஏன்னு அப்பத்தான் விளங்கிச்சு. ரெண்டு வாரம் விட்டு ரெண்டாவது தடவை அடிச்சிருக்கணும், அதுக்கு முன்னாடி புழுதியை ஒட்டக் கூட்டி எரிச்சிருக்கணும். வீட்டுல பூனை இருந்தா பெர்மெத்ரின் பக்கமே போகாதீங்க, பூனைக்கு அது விஷம்.

உண்ணி வேற ஜாதி. நாய் உண்ணி ரத்தம் குடிச்சதும் கீழே இறங்கி சுவர் ஏறி விரிசலுக்குள்ள முட்டை போடும். தரையைக் கழுவி பிரயோஜனம் இல்லை, விரிசலைப் பூசணும்.

மார்ச் கடைசியில போய் சொன்னபடி நாலு வரிசை ஓடு எடுத்தேன். சாமானெல்லாம் வாசல்ல. பின் ஆசாரத்து மண்ணை ஒரு ஜாண் கொத்திப் புரட்டி, சுண்ணாம்பு தூவி, வேப்பமரத்துக் கிளை ரெண்டை வெட்டி வெயில் விழ வெச்சேன். கடைசி நாள் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வீடு பூரா நடந்து பார்த்தேன். ரெண்டே ரெண்டு புள்ளி. அம்மாயிகிட்ட சொன்னா, "ஓட்டைத் திரும்பச் சரியா வேஞ்சியா, மழை வந்தா ஒழுகுமே"ன்னு கேக்கறாங்க.

பி.கு.: சேலம், நாமக்கல் பக்கம் பிளேக் மாரியம்மன் கோவிலோ, பிளேக் காலத்துல காட்டுல போட்ட குடிசைகளால பேர் வந்த ஊரோ தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த லீவுக்கு வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறேன்.