இரண்டாவது ஆல்பமும் ஒரு கடன் மனுவும்

மார்ச் மாசக் கணக்கு முடிப்பு என்ற பேரில் மூணு வாரம் ஆளைப் பிழிந்து எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் பிறந்து, நாக்பூர் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்த பிறகுதான் ஹெட்போனைத் தேடி எடுத்தேன். கேட்டது ராஜா சார் இல்லை. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற ஊரின் பாட்டுக் குழு, பெல் அண்ட் செபாஸ்டியன். 1996ல் வந்த அவர்களின் இரண்டாவது ஆல்பம், 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்'. "பி.காம் படிச்சவனுக்கு இந்த வம்பு எதுக்கு?" என்று கேட்காதீங்க. இதுக்குள்ளே ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கு :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. 2004ல் வங்கிப் பயிற்சிக்குப் போனபோது ஷில்லாங் பையன் ஒருத்தன் அறைத்தோழன். அவன் காப்பி செய்து கொடுத்த சிடியில்தான் இதை முதல்முறை கேட்டேன். பாடுகிறவர் பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல மெதுவாகப் பாடுகிறார். கொஞ்ச நேரத்தில் செல்லோ, வயலின், ட்ரம்பெட் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நம்ம ஊரில் வயலின் கூட்டத்தைக் கேட்டே வளர்ந்த காதுக்கு அது உடனே பிடித்துவிட்டது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். பாடகர் ஸ்டூவர்ட் மர்டாக் படிக்கிற வயசில் படுக்கையில் விழுந்தவர். தீராத களைப்பு நோய். ஏறக்குறைய ஏழு வருஷம் வேலை இல்லை, ஊர் சுற்றல் இல்லை. படுத்த இடத்தில் பாட்டு எழுதப் பழகினார். கொஞ்சம் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், வேலையில்லாத இசைக்காரர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே பழக்கமானவர்தான் பேஸ் கிடார் வாசித்த ஸ்டூவர்ட் டேவிட். பிறகு மர்டாக் ஒரு சர்ச் கூடத்துக்கு மேலே குடியிருந்துகொண்டு, அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் செய்தார்.

கிளாஸ்கோவில் ஸ்டோ காலேஜ் என்று ஒன்று இருந்தது (2013ல் வேறு கல்லூரிகளோடு இணைத்துவிட்டார்கள்). இசை வியாபாரம் படிக்கிற மாணவர்கள் வருஷத்துக்கு ஒரு இசைத்தட்டு வெளியிட்டுப் பழக வேண்டும். அதற்காகக் கல்லூரிக்கே எலக்ட்ரிக் ஹனி என்ற கம்பெனி. வழக்கமாக ஓரிரு பாட்டோடு சரி. இவர்களிடம் பாட்டு நிறைய இருந்ததால் முழு ஆல்பமே போட்டார்கள். அதுதான் 'டைகர்மில்க்'. மூணு நாளில் பதிவு, 1996 ஜூனில் வெளியீடு, மொத்தம் 1,000 பிரதிகள். 1999ல் மறுபடி வெளியிடும் வரை அந்தப் பழைய தட்டு நூற்றுக்கணக்கான பவுண்டுக்குக் கைமாறியது.

இரண்டாவது ஆல்பம் என்றாலே கலைஞர்களுக்குக் கண்டம். முதல் ஆல்பத்துக்கு ஆயுள் முழுக்கச் சேர்த்த சரக்கு இருக்கும், இரண்டாவதுக்குக் கைவசம் ஒண்ணும் இருக்காது. இவர்களோ அதே வருஷம் நவம்பரில், ஐந்தே மாசத்தில், ஜீப்ஸ்டர் என்ற சின்னக் கம்பெனி மூலம் அடுத்ததை இறக்கிவிட்டார்கள். ஏழு வருஷக் கையிருப்பு அப்படி! அந்த ஆகஸ்டில்தான் ஒயேசிஸ் குழு நெப்வொர்த்தில் இரண்டே ராத்திரியில் 2,50,000 பேர் முன்னால் வாசித்திருந்தது. இங்கிலாந்தே சத்தத்தில் மிதந்த நேரத்தில், இவர்கள் முணுமுணுத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி அந்த வாத்தியங்கள். பெரிய கம்பெனி என்றால் வயலின் கோஷ்டியை நாள் கூலிக்கு அழைத்து, கடைசியில் மேலே பூசுவார்கள், கல்யாண வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிப்பது போல. இங்கே செல்லோ வாசித்த இசபெல் கேம்ப்பெல், வயலின் வாசித்த சாரா மார்ட்டின் இருவரும் கூட்டாளிகள்; ட்ரம்பெட் ஊதிய மிக் குக் பிறகுதான் முறைப்படி குழுவில் சேர்ந்தார். ஆனாலும் ட்ரம்பெட் அலங்காரமாக வராமல், பாட்டுக்குள் இன்னொரு ஆளாக வருகிறது. முதல் பாட்டு கிசுகிசுப்பில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறுவதையும், கடைசிப் பாட்டான 'ஜூடி அண்ட் த ட்ரீம் ஆஃப் ஹார்சஸ்' வெறும் கிடாரில் தொடங்கி ட்ரம்பெட்டில் பூப்பதையும் கேட்டுப் பாருங்க. ஒரு தடவை கேட்டால் ரெண்டு நாளைக்கு வாய் முணுமுணுக்கும்.

ஏழைக் குழு என்பதால்தான் அழகு என்று சொல்ல மாட்டேன். பாட்டு நன்றாக இருந்தும் பதிவு சரியில்லையே என்ற குறை மர்டாக்குக்கே இருந்தது. 2005 செப்டம்பரில் லண்டன் பார்பிகன் அரங்கில் முழு ஆல்பத்தையும் வரிசையாக மறுபடி வாசித்தார்கள். அடுத்த மாசம் காஷ்மீர் நிலநடுக்கம். அந்தக் கச்சேரிப் பதிவை வெளியிட்டு, வருமானத்தை நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள். அதில் வாசிப்பு சுத்தம், ஒலி கணீர். ஆனாலும் என் கை பழையதைத்தான் தேடுகிறது. பழையதில் ஒரு கூச்சம் இருக்கிறது. பழக்கம் ஏறினால் அது போய்விடும்.

இப்போ பேங்க்காரனாகப் பேசுகிறேன். 1996ல் இந்த ஆள் என் மேஜைக்கு வந்திருந்தால்? வருமானம் இல்லை, உடம்பு சரியில்லை, ஈடு இல்லை, கேட்பது செல்லோவுக்கும் ட்ரம்பெட்டுக்கும். ஒரே நிமிஷத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன். அவரைத் தூக்கி நிறுத்தியது பயிற்சித் திட்டம், கல்லூரிப் பாடம், சர்ச் கூடம். மூன்றுமே லாபக் கணக்கு பார்க்காத இடங்கள். சந்தை பிறகுதான் வந்தது. 1999ல், மூன்று ஆல்பம் போட்டு முடித்த குழுவுக்கு, ரசிகர் ஓட்டில் பிரிட் விருதின் 'புதுமுகம்' பரிசு கிடைத்தது :-)

இதை ஏன் இப்போ எழுதுகிறேன் என்றால், மார்ச் கடைசி வாரம் ஒரு பையன் வந்தான். கல்யாண ஊர்வலங்களில் ட்ரம்பெட் ஊதுகிறவன், வாடகை வாத்தியம். சொந்தமாக நாலு வாத்தியம் வாங்கி ஒரு செட் வைக்கணும், கடன் வேணும் என்றான். நான் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரிட்டர்ன் கொண்டா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். "சரி சாப்" என்று போய்விட்டான்.

அவன் எழுதிக் கொடுத்த மனு இன்னும் டிராயரில்தான் இருக்கு, போன் நம்பரோடு. கடன் கிடைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது; விதி விதிதான். ஆனால் திங்கட்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்து, வருஷத்துக்கு எத்தனை கல்யாணம் வாசிக்கிறாய், எவ்வளவு வாடகை போகிறது என்றாவது கேட்கப் போகிறேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.