மாணவர் சார்பில் பேசுபவர் யார்?

ஆசிரியர்களே, பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்போது நம்ம ஊர்ப் பெற்றோர் சொல்லும் வாசகம் உங்களுக்கும் பழக்கமானதுதான். “படிப்ப மட்டும் பாரு. சங்கம், தேர்தல்னு எதுலயும் தலைய விடாத.” நாமும் சொல்லியிருப்போம். இந்தப் பயத்துக்கு ஒரு வயது உண்டு. ஏறத்தாழ ஐம்பது. அது பிறந்த இடங்களில் ஒன்று நம் ஜொகூர் மாநிலத்திலேயே இருக்கிறது.

ஆனால் கதை அதற்கும் முந்தியது. 1954 இல், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், சோசலிச மன்ற மாணவர்கள் எட்டுப் பேர் மீது ‘ஃபஜார்’ இதழில் வந்த தலையங்கத்துக்காகத் தேசநிந்தனை வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஜேம்ஸ் புதுச்சேரி ஜொகூர் பாருவில் வளர்ந்தவர். எட்வின் தம்பு தமிழரான ஒரு பள்ளி ஆசிரியரின் மகன், பின்னாளில் பெயர் பெற்ற கவிஞர். எம்.கே. ராஜகுமார், அருட்சோதி ஆகியோரும் அந்த எட்டில் அடக்கம். அதே ஆண்டு ஆகஸ்டில் எட்டுப் பேரும் விடுதலை. ஆக, மாணவர் குரல் என்பது நம்மவருக்கு அந்நியமான விஷயம் இல்லை.

1969 பொதுத்தேர்தலின்போது மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் தனக்கென ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டு ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. அவ்வளவு செல்வாக்கு. 1971 இல் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் வந்தது. மலாய்ச் சுருக்கத்தில் ‘ஆக்கு’.

சட்டம் வந்தும் சங்கம் அடங்கவில்லை. 1974 செப்டம்பரில் ஜொகூர் பாருவின் தாசேக் உத்தாராவில் புறம்போக்குவாசிகளின் வீடுகளை உடைத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்குத் துணையாக மாணவர்கள் வந்து நின்றார்கள். சங்கத்தின் பொதுச்செயலாளர் ஹிஷாமுடின் ராயிஸ் கைதானார். செய்தி கோலாலம்பூருக்குப் போனதும் மாணவர்கள் பல்கலைக்கழக நிர்வாகத்தையே சிறிது நேரம் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். (அது அதிகப்படி என்பது என் கருத்து. ஆனால் வீடு இடிந்தவனுக்காகத் துடித்த மனசை எப்படிக் குறை சொல்வது?) டிசம்பரில் ரப்பர் விலை சரிந்து பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர்கள் தவித்தபோது, தலைநகரில் ஆர்ப்பாட்டம் செய்து கைதான மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேல். நம் பக்கத்து ஊரான பத்து பகாட்டில் பிறந்த விரிவுரையாளர் சைட் ஹுசின் அலி, இசா சட்டத்தின் கீழ் 1980 வரை உள்ளே இருந்தார்.

1975 இல் சட்டத்தைத் திருத்தி இறுக்கினார்கள். சுதந்திரமான சங்கம் போய், நிர்வாகத்தின் கண்பார்வையில் இயங்கும் மாணவர் பிரதிநிதித்துவ மன்றம் வந்தது. சொந்தமாகப் பணம் வைத்துக்கொள்ளும் உரிமையும் போனது. பெற்றோர் வாயில் அந்த வாசகம் ஒட்டிக்கொண்டது இதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

அதே 1975 இல்தான் தேசியத் தொழில்நுட்பக் கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. இன்று அதன் தலைமை வளாகம் ஸ்கூடாயில். சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலை ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே ஹைட்ரஜன் எரிசக்தி ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. 2023 அக்டோபரில் அரசாங்கம் ஹைட்ரஜன் பொருளாதாரத் திட்ட வரைபடத்தை வெளியிட்ட பிறகு இந்தத் துறைக்கு மவுசு கூடிவிட்டது. அறிவியலில் கெட்டிக்காரப் பிள்ளைகளை அங்கே போகச் சொல்லி நாமே ஊக்கப்படுத்துகிறோம்.

முனைவர் பட்ட மாணவரின் வாழ்க்கை இளங்கலை மாணவருடையதைப் போன்றதல்ல. சேர்ந்து உட்கார வகுப்பு கிடையாது. ஒரே மேற்பார்வையாளரின் கீழ் மூன்று, நான்கு ஆண்டுகள். பட்டம், உதவித்தொகை, பரிந்துரைக் கடிதம் எல்லாமே பெரும்பாலும் அந்த ஒருவர் கையில். இதில் ஹைட்ரஜன் வேறு. வாசனை இல்லை, நிறம் இல்லை. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை கலந்தாலே தீப்பற்றும், பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கும் தெரியாது. ‘இந்த அறையில் கசிவைக் காட்டும் கருவி வேலை செய்யவில்லை’, ‘ராத்திரி தனியாகச் சோதனை ஓட்டச் சொல்லாதீர்கள்’ என்று ஒரு மாணவர் சொல்ல வேண்டி வந்தால் யாரிடம் சொல்வார்? தன் பெயர் வெளியே வராமல் அதை எடுத்துச் சொல்ல, சக மாணவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் வேண்டாமா? இதில் அரசியல் எங்கே இருக்கிறது?

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக் கழகங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் தங்களுக்குள் பேச்சாளர்களைத் தேர்ந்தெடுத்து, 2003 முதல் ஒரே வலையமைப்பாக இயங்குகிறார்கள். நம் நாட்டில் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் 2010 ஹுலு சிலாங்கூர் இடைத்தேர்தல் சமயத்தில் பிடிபட்டு, சட்டத்தையே எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். முதலில் தோற்றார்கள். 2011 அக்டோபர் 31 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அவர்களைத் தடுத்த விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012, 2018 திருத்தங்கள் தடைகளைத் தளர்த்தின. 1975 இல் போன பணப்பை, 2024 இல் நிறைவேறிய திருத்தத்தால்தான் மாணவர் கைக்குத் திரும்ப வழி பிறந்தது.

ஸ்கூடாயில் முதுநிலை மாணவர்களுக்கென்று ஒரு சங்கமும் இருக்கிறது. தீபாவளி விடுமுறைக்கு வரும் உங்கள் பழைய மாணவர் அங்கே ஆய்வு செய்பவராக இருந்தால், “ஆராய்ச்சி எப்படிப் போகுது?” என்று கேட்டுவிட்டு, “உங்க ஆய்வுக்கூடத்துக்குப் பிரதிநிதி யாருப்பா?” என்றும் கேட்டுப் பாருங்கள்.