பாதையும் பாட்டும்

மக்கள் நடந்த பாதைகளின் கதையை அரசாங்க ஏடுகளைவிடப் பாடல்களே நெஞ்சறியக் கூறுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தனர். காட்டிலும் காய்ச்சலிலும் மாண்டோர் பலர். அத்தொழிலாளரின் துயரை நாட்டார் பாடல்கள் காத்தன, சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தொகுத்தார்.

பாதையைப் பாடுவது நம்மவர் வழக்கு மட்டுமன்று. கலிபோர்னியாவில் அலைச்சறுக்கு இளைஞர், கடல் அடங்கிய நாட்களில் பலகைக்குச் சில்லுப் பூட்டித் தெருவில் சறுக்கினர். அக்களிப்பை 1964இல் ஜான், டீன் என்னும் இருவர் 'சைட்வாக் சர்ஃபின்' எனப் பாடினர். 2006இல் சிக்காகோவின் கறுப்பினப் பாடகர் லூப்பே ஃபியாஸ்கோ பாடிய 'கிக், புஷ்' பாட்டிலோ தொனி மாறிற்று. சறுக்குபலகையே துணையான இளைஞனுக்கு அங்கே இடந்தோறும் தடை. காவலர் அவனை அகற்றுகின்றனர்.

உழைப்பாளியின் நடையும் இளைஞனின் விளையாட்டும் ஒன்றல்ல. ஆயினும் இரு பாட்டும் எழுப்பும் கேள்வி ஒன்றே: பொதுவழி யாருக்குரியது? வீதி சமைத்தவன் உழைப்பாளி. அவன் பிள்ளைக்கு அதில் விளையாடவும் உரிமை உண்டு.