சமுதாயக் கல்லூரியில் சேரும் முன்: ஏணியா, முட்டுச்சந்தா?

பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ முடித்த தலித் மாணவர்கள் பலருக்குச் சமுதாயக் கல்லூரி எளிதில் எட்டும் வாய்ப்பாக இருக்கிறது. கட்டணம் குறைவு, படிப்புக் காலம் குறுகியது, முடித்தவுடன் வேலை என்ற உறுதிமொழியும் உண்டு. ஆனால் ஓராண்டுக்குப் பின் கைக்கு வரும் சான்றிதழ் அடுத்த படிப்புக்கு ஏற்றுக்கொள்ளப்படுமா என்ற கேள்வி சேர்க்கையின்போது அரிதாகவே எழுகிறது. குடும்பத்தில் முன்பே பட்டம் பெற்றவர்கள் இருந்தால் அவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். முதல் தலைமுறை மாணவருக்கு அந்த வழிகாட்டுதல் வீட்டில் கிடைப்பதில்லை.

ஒரே பெயர், இருவேறு பொருள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1901இல் தொடங்கப்பட்ட ஜோலியட் கல்லூரி இவ்வகை நிறுவனங்களின் முன்னோடி. அங்கே ஈராண்டு படித்தபின் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிச்செல்லலாம் என்பது அடிப்படை எண்ணம். இந்தியாவில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையில் மயிலை உயர்மறைமாவட்டமும் இம்முறையைத் தொடங்கின. இங்கு அது பெரும்பாலும் பள்ளியிலிருந்து இடைநின்ற ஏழை இளைஞர்களுக்கான தொழில்திறன் பயிற்சியாகவே வளர்ந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கிய சமுதாயக் கல்லூரித் திட்டம் சில ஆண்டுகளிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2013இல் தனியே ஒரு திட்டத்தை அறிவித்தது. ஆகவே 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர்ப்பலகை மட்டும் ஒரு படிப்பின் மதிப்பைச் சொல்லிவிடாது.

தமிழகத்திற்கு இக்கேள்வி புதிதன்று. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. இன்றைய திறன் படிப்புகளின் நோக்கம் வேறு. எனினும் எந்தப் பிள்ளைகள் பட்டத்தை நோக்கியும் எந்தப் பிள்ளைகள் குறைகூலி வேலையை நோக்கியும் அனுப்பப்படுகிறார்கள் என்று கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. கைத்தொழில் கற்பது இழிவன்று. அதற்குமேல் செல்லும் வழி அடைபடுவதே அநீதி.

சேரும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

முதலாவது, சான்றிதழை வழங்குவது யார்? பயிற்சி நடைபெறும் நிறுவனமும் சான்றிதழ் வழங்கும் அமைப்பும் வேறுவேறாக இருக்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் சொல்லப்பட்டால், நடப்பு ஆண்டுக்கான ஏற்பு ஆணையைக் காட்டுமாறு கேட்க வேண்டும்.

இரண்டாவது, அடுத்த படி எது? மானியக் குழுவின் திட்டத்தில் ஆறு மாதப் படிப்புக்குச் சான்றிதழ், ஓராண்டுக்குப் பட்டயம், ஈராண்டுக்கு மேல்நிலைப் பட்டயம் எனப் படிகள் வகுக்கப்பட்டன. மூன்றாண்டு முடித்தால் கிடைப்பது பி.வோக். பட்டம், ஆனால் அது தனி அனுமதி பெற்ற கல்லூரிகளில் மட்டுமே நடைபெறும். ஓராண்டின் 60 மதிப்பலகுகளில் 36 தொழில்திறனுக்கும் 24 மொழி உள்ளிட்ட பொதுக் கல்விக்கும் ஒதுக்கப்பட்டன. பொதுக் கல்வியே இல்லாத படிப்பிலிருந்து பட்டப்படிப்புக்கு ஏறுவது கடினம். எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில், எந்த ஆண்டில் சேர முடியும் என்பதை எழுத்தில் பெறுவது நல்லது.

மூன்றாவது, படிப்பின் வரிசை. பத்தாம் வகுப்பு, மேல்நிலை வகுப்பு, பட்டம் என்ற முறையான வரிசையில் பெறாத திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டங்கள் தமிழக அரசுப் பணிக்கு ஏற்கப்படாமல் போயிருக்கின்றன. அரசுப் பணியைக் குறிக்கோளாகக் கொண்டவர்கள், மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராகவேனும் முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குச் செல்வதே பாதுகாப்பு.

நான்காவது, உதவித்தொகை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்கள் இதற்கு உரியவர்கள். தமிழகத்தில் 2012இல் வெளியான அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது. ஆனால் படிப்பும் நிறுவனமும் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். மேலும், ஒரு கல்வி நிலையை முடித்தவர் அதே நிலையில் வேறொரு பாடத்தை மீண்டும் படித்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது என்பது இத்திட்டத்தின் பழைய விதி. ஆராயாமல் சேர்ந்துவிட்டுப் பின்னர் வேறு பட்டயத்துக்கு மாற நினைப்பவரை இவ்விதி தடுக்கக்கூடும்.

ஐந்தாவது, ஆவணங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாணவர் பெயரிலான வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்க்கைக்கு முன்பே அணியமாக்கிக்கொள்ள வேண்டும். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும், நிறுவனமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018இல் அறிவுறுத்தியது. கட்டண நிலுவையைக் காரணம் காட்டிச் சான்றிதழைப் பிடித்துவைப்பது மாணவரின் அடுத்த வாய்ப்பையே பறிப்பதாகும்.

பொறுப்பு யாருடையது?

இத்தனையையும் பதினேழு வயது மாணவர் தனியே கண்டறிய வேண்டும் என்பது நியாயமன்று. வழிகாட்டுதல் ஒரு சலுகையாக அல்லாமல் கல்வி உரிமையின் பகுதியாகக் கருதப்பட வேண்டும். சேர்க்கை முடிந்த முதல் மாதத்திலேயே, ஒவ்வொரு மாணவருடனும் ஆசிரியர் ஒருவர் அமர்ந்து, இப்படிப்பு, அடுத்த படிப்பு, உரிய உதவித்தொகை, விண்ணப்பிக்க வேண்டிய காலம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியும். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. அரசு இதை ஏற்பு வழங்குவதற்கான நிபந்தனையாக்கலாம்.

அதுவரை, ஊரில் கல்லூரி முடித்தவர்களும் மாணவர் அமைப்புகளும் கோடை விடுமுறையில் இப்பணியைச் செய்யலாம். படிப்பில் சேர்த்துவிடுவதோடு நின்றுவிடாமல், அச்சான்றிதழ் அடுத்து எங்கே செல்லும் என்பதையும் சேர்ந்து விசாரிப்பதே முதல் தலைமுறை மாணவருக்குச் செய்யும் உண்மையான உதவி.