வண்ணத்தின் அடியில் வரலாறு

சிறுவர் ஏறி மகிழும் குதிரை ராட்டினத்திற்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி மரக்குதிரைகளின் மேல் பூசப்பட்ட வண்ணத்திலேயே அடங்கியிருக்கிறது.

ஐரோப்பாவில் தோன்றிய இந்த ராட்டினம், அமெரிக்காவில் குடியேறியவர்களின் கைத்திறனால் பெருங்கலையாக வளர்ந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த குஸ்தாவ் டென்செல் 1867-இல் பிலடெல்பியாவில் இத்தொழிலைத் தொடங்கினார். 1876-இல் சார்லஸ் லூஃப் கோனி தீவின் முதல் ராட்டினத்தை அமைத்தார்.

எளிதில் செதுக்கத்தக்க பாஸ்வுட் பலகைகளை ஒட்டி, உள்ளீடற்ற உடலை முதலில் செய்தனர். தலையையும் கால்களையும் தனியே செதுக்கிப் பொருத்தினர். அடிப்பூச்சின்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டி, அணிகளுக்குப் பொன் ரேக்கும் வெள்ளி ரேக்கும் ஒட்டி, வார்னிஷ் பூசினர். அமெரிக்க ராட்டினம் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் குதிரையின் வலப்புறமே பார்ப்போரை நோக்கும். அப்புறத்திலேயே ஒப்பனை மிகுந்திருக்கும். வலஞ்சுழியாகச் சுற்றும் ஆங்கிலேய ராட்டினத்திலோ இடப்புறம் அச்சிறப்பைப் பெற்றது.

வெயிலும் கடற்காற்றும் சிறுவரின் காலணிகளும் வண்ணத்தைத் தேய்த்தன. ஆகவே, பூங்கா உரிமையாளர்கள் பழைய பூச்சின்மேல் புதுப் பூச்சை மீண்டும் மீண்டும் ஏற்றினர். பூச்சு தடிக்கத் தடிக்கச் செதுக்கலின் நுட்பம் மங்கியது. பின்னாளில் இக்குதிரைகளை விரும்பி வாங்கியோர் பலர், மரத்தின் அழகைக் காணவேண்டி இரசாயனத்தால் எல்லாப் பூச்சையும் கரைத்தெடுத்தனர். அதனோடு முதல் ஓவியனின் கைவண்ணமும் மறைந்தது. அவ்விழப்பை ஈடுசெய்ய எவராலும் இயலாது.

ஆதலின், பழம்பொருள் காக்கும் வல்லுநர் வேறு வழியை மேற்கொள்வர். அகழ்வாராய்ச்சியாளர் மண்ணை அகழ்வதுபோல, கூரிய சிறு கத்தியால் ஓரிடத்தில் மட்டும் அடுக்கடுக்காகச் சுரண்டி, அடியிலுள்ள நிறத்தைக் கண்டறிந்து குறித்துக்கொள்வர். முதல் வண்ணம் எஞ்சியிருப்பின் அதனைத் துப்புரவு செய்து, உதிர்ந்த இடங்களை மட்டும் நிரப்புவர்.

இம்முறையின் பயனுக்குக் கொலராடோ மாநிலத்துப் பர்லிங்டன் நகரம் சான்றாகும். அங்குள்ள ராட்டினம், 1904-இல் நிறுவப்பட்ட பிலடெல்பியா டொபாகன் நிறுவனத்தால் 1905-இல் டென்வர் நகரப் பூங்கா ஒன்றிற்காகச் செய்யப்பட்டது. கிட் கார்சன் மாவட்டம் 1928-இல் அதனை விலைக்கு வாங்கியது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் ராட்டினம் ஓடாது நின்றது. அதன் கூடத்தில் கால்நடைத் தீவனம் சேமிக்கப்பட்டது. பிற்காலத்தில் வல்லுநர்கள் அழுக்கையும் கருத்த வார்னிஷையும் பொறுமையுடன் அகற்றினர். அதன் 46 விலங்குகளும் ஓவியப் பலகைகளும் முதல் வண்ணத்துடன் மீண்டும் ஒளிர்ந்தன. 1987-இல் அந்த ராட்டினம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சிதைந்த ஓலைச்சுவடியைப் பதிப்பிக்கும் நல்லறிஞர், இல்லாத அடியைத் தாமே புனைந்து சேர்ப்பதில்லை. இருக்கும் எழுத்தை அழிப்பதுமில்லை. மரக்குதிரைக்கு வண்ணம் தீட்டுவோர்க்கும் அந்நெறியே பொருந்தும். பழமையைப் புதுக்குவோர்க்குக் கைத்திறன் வேண்டும். எவ்விடத்தில் தூரிகையை நிறுத்துவது என்னும் அறிவு அதனினும் இன்றியமையாதது.