மாதிரி உரு அமைத்தலில் இல்லப் பொருள்கள்

கப்பல், விமானம், இரயில் வண்டி, கட்டடம் முதலியவற்றைக் குறிப்பிட்ட அளவு விகிதத்தில் சுருக்கிச் செய்யும் மாதிரிக் கலையில், அதற்கென்றே விற்கப்படும் கருவிகளோடு, சமையலறை, குளியலறை, தையற்பெட்டி, துணிக்கொடி ஆகிய இடங்களிலிருந்து எடுத்து வேறு காரியத்துக்கு ஆக்கிக்கொள்ளப்படும் சாதாரண வஸ்துக்களும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. சிக்கனம் இதற்கு ஒரு காரணமேயாயினும் பிரதான காரணம் அதுவன்று. ஒரு பொருள் எந்தப் பெயரால் எந்தக் கடையில் விற்கப்படுகிறது என்பதைவிட, அது இறுகப் பிடிக்குமா, அராவுமா, கரையுமா, கரைக்குமா என்பதே மாதிரி செய்வோர் அறிய வேண்டுவது. இந்தக் குணங்களை அறிந்தவர்களுக்கு வீட்டில் வேண்டாதது என்று ஒன்றும் இராது. அறியாதவர்களுக்கோ அலமாரியில் உள்ள ஒரு சிறு புட்டியே பல நாள் உழைப்பைக் குழைத்துப் பாழாக்கிவிடக்கூடும்.

இப்பழக்கத்துக்குப் பழைய சான்றுகளுள் மிகச் சிறந்தது இங்கிலாந்தில் உள்ளது. பிரெஞ்சுப் புரட்சிப் போர்களிலும் அவற்றைத் தொடர்ந்த நெப்போலியன் போர்களிலும் சிறைப்பட்டவர்களை வைத்துக் காப்பதற்காகப் பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்னுமிடத்தில் 1797-இல் திறக்கப்பட்ட முகாமில், கைதிகள் தங்கள் உணவுப் பங்காக வந்த இறைச்சியில் எஞ்சிய எலும்புகளைச் சுத்தம் செய்து, மெல்லிய பட்டைகளாக அறுத்து, அவற்றைக் கொண்டு போர்க்கப்பல் மாதிரிகளைச் செய்தார்கள். பாய்மரக் கயிறுகளுக்கு மனித மயிரும் உபயோகமாயிற்று. வைக்கோலைப் பிளந்து சாயமேற்றிப் பெட்டிகளின்மேல் ஒட்டிச் சித்திரங்கள் அமைத்தவர்களும் அவர்களே. இவற்றை முகாம் வாயிலில் கூடிய சந்தையில் விற்று அவர்கள் கைச்செலவுக்குப் பணம் தேடிக்கொண்டார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் காணக்கூடிய அக்கப்பல்களின் நுட்பம், நல்ல கருவி கிடைத்தால்தான் நல்ல வேலை நடக்கும் என்று சொல்வோரைச் சற்றே தயங்க வைக்கும்.

உறுப்புகளைத் தொழிற்சாலையில் வார்த்துப் பெட்டியில் அடைத்து விற்கும் பிளாஸ்டிக் மாதிரிகள் 1936-இல் பிரிட்டனில் ‘ஃபிராக் பெங்குவின்’ என்ற பெயரில் செல்லுலோஸ் அசிட்டேட்டால் செய்யப்பட்டு வெளிவந்தன. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952-இல் வுல்வொர்த் கடைகளின் மூலம் இரண்டு ஷில்லிங்குக்கு விற்ற ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலுக்குப் பிறகு, பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கே இக்கலையின் பொதுப் பொருளாக நிலைபெற்றது. இங்கே கூறப்படும் உபாயங்களிற் பெரும்பாலானவை இந்தப் பாலிஸ்டைரீனின் சுபாவத்தைச் சார்ந்தவை.

அந்தச் சுபாவத்துக்கு ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகக் காண்பது தகும். விமான மாதிரிகளில் மிகுதியாக வழங்கும் 1/72 விகிதத்தில் ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரமே இருப்பான். உண்மையான விமானத்தில் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கம்பி, மாதிரியில் ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்து ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமனை அடைந்துவிடும். தையல் நூல் இதற்கு மிகவும் தடிப்பு; அதன் பிசிறு வேறு கண்ணை உறுத்தும். ஆகவே மாதிரி செய்வோர், உறுப்புகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில், உறுப்புகளை வெட்டி எடுத்தபின் குப்பைக்குப் போக வேண்டிய காம்பு ஒன்றை, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் தீண்டாத உயரத்தில், இரு கைகளாலும் பிடித்து மெல்ல உருட்டுகிறார்கள். நடுப்பகுதி பளபளத்துத் தளர்ந்து தொய்யத் தொடங்கும் கணத்தில் அதைச் சுடரினின்று விலக்கி இழுத்தால், மெதுவாக இழுத்ததற்குத் தடித்த கம்பியும், விரைந்து இழுத்ததற்கு மயிரிழையும் கிடைக்கின்றன. சுடருக்குள்ளேயே இழுப்பவர்களுக்கு அறுந்த இரண்டு துண்டுகள்தாம் மிஞ்சும். உருண்டைக் காம்பு உருண்டை இழையாகவும் சதுரக் காம்பு சதுர இழையாகவும் நீள்வது இம்முறையின் விசேஷம். ஒட்டியபின் இழை தொய்ந்திருப்பின், கனன்றுகொண்டிருக்கும் ஊதுபத்தியின் நுனியை அருகே கொண்டுபோன மாத்திரத்தில் அது சுருங்கி விறைத்துக்கொள்ளும். மிக அருகே கொண்டுபோனால் அறுந்துபோகும்.

ஒட்டிய பாகங்களை உலரும்வரை இறுகப் பிடித்திருக்க ரப்பர் வளையங்களும் துணிக்கொடி கிளிப்புகளும் போதும். மரக் கிளிப்பின் சுருள்வில்லைக் கழற்றி, இரு கட்டைகளையும் முன்பின்னாகத் திருப்பி மறுபடி பொருத்தினால், அதன் வாய் குறுகி, கிட்டாத இடங்களிலும் நுழையும். ஐஸ் குச்சியின்மேல் உப்புத்தாளை ஒட்டினால் அரம். மாத்திரை அட்டையின் குழிகள் வர்ணம் குழைக்கும் கிண்ணங்கள். வர்ணம் பூசும்போது கையில் பிடிக்க வேண்டிய சிறு உறுப்புகளைப் பல்குச்சியில் நிறுத்தித் தெர்மாகோல் துண்டில் குத்தி வைப்பது வழக்கம். ஆனால் தெர்மாகோலும் நுரை வடிவான பாலிஸ்டைரீனே யாதலால், கரைப்பான் மிகுந்த தெளிப்பு வர்ணம் பட்டால் அது குழிந்து உருகும்.

கரைப்பான்களைப் பற்றித்தான் எச்சரிக்கை மிகவும் தேவை. அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். வர்ணத்தைத் துடைக்க அதைத் தொட்டவர்கள் வர்ணத்தோடு மாதிரியின் முகத்தையும் துடைத்துவிடுவார்கள். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் சிதறும் எண்ணெயில் உள்ள லிமோனீனும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. இக்குணம் கருதியே லிமோனீன் கலந்த ஒட்டுத்திரவங்களும் விற்கப்படுகின்றன. கரைக்கும் சக்தியையே அளவோடு பயன்படுத்தி, சட்டக் காம்பின் துணுக்குகளை ஒட்டுத்திரவத்தில் ஊறவைத்துக் கூழாக்கி, இடைவெளிகளில் நிரப்புவோரும் உண்டு. சயனோஅக்ரிலேட் என்னும் உடனடிப் பசையின்மேல் ஆப்பச் சோடாவைத் தூவினால், அதன் காரத்தன்மையால் பசை சில விநாடிகளில் கல்லாக இறுகும். உடனே அராவிவிட வேண்டும், பொழுது செல்லச் செல்ல அரம் தோற்கும்.

ஆனால் கண்ணாடி போன்ற பாகங்களுக்கு இந்தப் பசை ஆகாது. அதன் ஆவி படிந்து அவை வெளுத்துப்போகும். அங்கே மரவேலைக்கு வழங்கும் வெண்பசையே உத்தமம். அது உலர்ந்தால் தெளிந்துவிடும். கீறல் விழுந்த விமானி அறை மூடியைப் பற்பசையால் தேய்த்து மெருகேற்றியபின், தரைக்குப் பூசும் அக்ரிலிக் மெருகுத் திரவத்தில் முக்கி எடுப்பது மேல்நாடுகளில் பிரசித்தமான முறை. அமெரிக்காவில் ‘ஃபியூச்சர்’ என்றும் பிரிட்டனில் ‘கிளியர்’ என்றும் விற்கப்பட்ட அத்திரவம் நுண்ணிய கீறல்களில் நிறைந்து அவற்றை மறைத்துவிடும். பூச்சு சரியாக அமையாவிட்டால் அம்மோனியா கலந்த ஜன்னல் துடைக்கும் திரவத்தால் அதை நீக்கி மீண்டும் முக்கலாம்.

பழமைத் தோற்றம் தருவதில்தான் இல்லப் பொருள்களின் சாமர்த்தியம் உச்சத்தை எட்டுகிறது. பசிபிக் யுத்தத்தில் ஜப்பானிய விமானங்களின் வர்ணம் பாளம் பாளமாகப் பெயர்ந்து உலோகம் வெளித்தெரிந்ததைக் காட்ட, வெள்ளி வர்ணத்தின்மேல் நீர் தடவி உப்பைத் தூவி, காய்ந்தபின் பச்சை வர்ணம் பூசி, உப்பைத் தேய்த்து உதிர்த்துவிடுகிறார்கள். உப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளி தெரியும். கூந்தலுக்குத் தெளிக்கும் ஸ்பிரேயைத் துருநிறத்துக்கும் மேல்வர்ணத்துக்கும் இடையே பூசி, பிறகு ஈரத் தூரிகையால் தேய்ப்பது, டாங்கிகளுக்கு ஏற்ற மற்றொரு முறை. இதில் எந்த இடத்தில் எவ்வளவு பெயர வேண்டும் என்பது செய்பவரின் கையில் இருப்பதால், தற்செயலை நம்பியிருக்கும் உப்பைவிட இதுவே மேல் என்று கொள்ளலாம். பழைய பல்துலக்கியின் மயிரை விரலால் சுண்டினால் சக்கரங்களில் சேறு தெறிக்கும். வெண்பசை நீரில் நனைத்த மெல்லிய காகிதம் தார்ப்பாயாக மடியும். பற்பசை உலோகக் குழாய்களில் வந்த காலத்தில், அக்குழாயைப் பிரித்து நறுக்கி விமானி இருக்கைக்கு வார்கள் செய்தார்கள்.

திரைப்பட மாதிரிக் கூடங்களும் இவ்வழியே சென்றன. டெரெக் மெடிங்ஸ் மாதிரிகளை மேற்பார்த்த ‘தண்டர்பேர்ட்ஸ்’ என்னும் 1965-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில், ‘தண்டர்பேர்ட் 1’ என்னும் ராக்கெட் விமானம் நிற்கும் கூடத்தின் சுவரில் எந்திர பாகமாகத் தோன்றுவது எலுமிச்சை பிழியும் கருவி ஒன்றே.

மாதிரி நிற்கும் தரையை அமைப்பதற்குக் காய்ந்த தேயிலைச் சக்கையே உதிர்ந்த இலைகளாகிறது. ஈரம் சிறிது இருப்பினும் பூஞ்சை பிடிக்குமாதலால் வெயிலில் நன்றாக உலர்த்தியபின்னரே அதை ஒட்ட வேண்டும். மணலுக்குப் பதிலாக ரவையைத் தூவுவோர், அதன்மேல் பசையும் வர்ணமும் இடைவெளியின்றிப் பூசாவிட்டால், போர்க்களத்தை எறும்புகளுக்கு விட்டுக்கொடுக்க நேரும்.