காஸ்ட்லி வாட்ச் லுக்.. கம்மி விலை! 'ஃபர்ஸ்ட் காப்பி' வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க

விருத்தாசலம்: கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், கூடவே ஒரு வாட்ச். நம்ம ஊர் சீர் பட்டியலில் இது கிட்டத்தட்ட கட்டாயம். "ஒரிஜினல் நாலு லட்சம், அதே மாடல் ஃபர்ஸ்ட் காப்பி 2,500 ரூபாய்தான்" என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வந்தால் யாருக்கும் சபலம் தட்டும். அதிலும் 'ஒரிஜினல் செராமிக்' என்று போட்டிருந்தால்? பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்காரர்களே ஏமாற வாய்ப்பு உண்டு. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பார்ப்போம்.

போலி வேறு.. சாயல் வேறு!

வேறொரு கம்பெனியின் பெயரையும் லோகோவையும் அனுமதி இல்லாமல் அச்சடித்து விற்றால் அது போலி. 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி', '7ஏ குவாலிட்டி' என எந்தப் பெயரில் வந்தாலும் சட்டத்தின் பார்வையில் எல்லாம் ஒன்றுதான்.

சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு, பிரபல மாடலின் தோற்றத்தை மட்டும் நினைவுபடுத்தும் வாட்ச் வேறு ரகம். உதாரணம், 2019இல் வந்த கேசியோ ஜி-ஷாக் ஜிஏ-2100. எட்டு முனை வடிவம் இருப்பதால், 1972இல் வந்த ஆடெமார்ஸ் பிகே 'ராயல் ஓக்' வாட்சோடு சேர்த்து ரசிகர்கள் இதற்கு 'கேசிஓக்' என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். அதற்காக இது போலி ஆகிவிடாது. டயலில் இருப்பது கேசியோ பெயர்தான்.

ஒரிஜினல் கம்பெனியே மலிவு விலை மாடல் கொண்டு வந்த கதையும் உண்டு. ஒமேகாவும் ஸ்வாட்ச்சும் சேர்ந்து 2022 மார்ச்சில் 'மூன்ஸ்வாட்ச்' என்ற பெயரில் 11 மாடல்களை இறக்கின. நிலவுக்குப் போன ஸ்பீட்மாஸ்டரின் அதே சாயல், அறிமுக விலை 250 ஸ்விஸ் ஃப்ராங்க். பல நாடுகளில் கடை வாசலில் கூட்டம் அலைமோதியது.

'செராமிக்' என்றால் நம்ம ஊர் பீங்கானா?

இல்லை. விருத்தாசலத்தில் களிமண்ணைச் சூளையில் சுட்டு பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கேரியர் எல்லாம் செய்கிறார்கள். வாட்ச் செராமிக்கில் களிமண்ணே கிடையாது. ஜிர்கோனியம் ஆக்சைடு பொடியை அச்சில் அழுத்தி, சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். சூளையில் வைத்த பொம்மை சுருங்குவதைப் போலவே இதுவும் சுருங்கும். அதைக் கணக்கு பண்ணித்தான் அச்சே செய்கிறார்கள். சுட்ட பிறகு வைரப் பொடியால்தான் பாலிஷ் போட முடியும். அவ்வளவு கடினம். விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் 2,500 ரூபாய்க்கு வரும் 'செராமிக்' வாட்ச்? பெரும்பாலும் பளபளப்பான பிளாஸ்டிக், இல்லாவிட்டால் கறுப்பு பெயின்ட் அடித்த உலோகம். நிஜ செராமிக்கில் சாவி, சில்லறை பட்டாலும் எளிதில் கீறல் விழாது. ஆனால் தரையில் ஓங்கி விழுந்தால் பீங்கான் மாதிரியே உடையலாம்.

போலியை எப்படி கண்டுபிடிக்கிறது?

* டயல் எழுத்தை மொபைல் கேமராவில் ஜூம் செய்து பாருங்க. ஓரம் பிசிறினாலோ, எழுத்துப்பிழை இருந்தாலோ உஷார்.
* டயலுக்குள் இருக்கும் குட்டி வட்டங்கள் உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்க. பல போலிகளில் அது வெறும் அலங்காரம்.
* விநாடி முள் வழுக்கிக்கொண்டு ஓடினால் ஒரிஜினல் என்ற பேச்சை நம்ப வேண்டாம். மலிவு ஆட்டோமேட்டிக் மெஷின் போட்ட போலியிலும் அது அப்படித்தான் ஓடும்.
* 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று அச்சடித்திருப்பதை நம்பி தண்ணீரில் இறங்காதீங்க. நிஜ வாட்சிலேயே 30 மீட்டர் என்று இருந்தால், அது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் அளவுதான்.
* மலிவான உலோகத்தில் நிக்கல் இருந்தால் சிலருக்கு மணிக்கட்டில் அரிப்பு வரும்.

பில் ஏன் முக்கியம்?

2022 டிசம்பரில் தமிழக அரசியலையே ஒரு வாட்ச் கலக்கியது நினைவிருக்கும். அப்போதைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ராஸ் 'ரஃபேல்' வாட்ச்தான் அது. உலகில் மொத்தமே 500 தயாரிக்கப்பட்ட மாடல். பில் எங்கே என்று திமுக தரப்பு கேட்க, 2023 ஏப்ரலில் அவர் பில்லை வெளியிட்டார். அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். விலை உயர்ந்த வாட்சுக்கு பில்லும் சீரியல் எண்ணும்தான் அடையாள அட்டை. போலி விற்பவர் கொடுக்காத ஒன்று அந்த பில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வர்த்தக முத்திரைகள் சட்டம் 1999இன்படி, போலி முத்திரை போட்டுத் தயாரித்தாலும் விற்றாலும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தத் தண்டனை குறிவைப்பது விற்பவரைத்தான். ஆனால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான். ரெண்டே மாதத்தில் நின்றுபோனால் கம்பெனி சர்வீஸ் சென்டர் கையில் எடுக்காது, வாரன்டியும் கிடையாது.

ஒரிஜினல் என்று சொல்லி போலியைத் தலையில் கட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கட்டிய பிறகு பார்சலே வராமல் போனால் சைபர் கிரைம் எண் 1930ஐ உடனே அழையுங்க.

அப்போ என்ன வாங்கலாம்?

பட்ஜெட்டை முதலில் முடிவு பண்ணுங்க. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டன் முதல் கேசியோ, சீகோ வரை, சொந்தப் பெயரிலேயே கம்பீரமான மாடல்கள் பல விலைகளில் கிடைக்கின்றன. பில், வாரன்டி கார்டு, பெட்டியில் எம்ஆர்பி, வெளிநாட்டு வாட்ச் என்றால் இறக்குமதியாளர் முகவரி. இவ்வளவும் சரியாக இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

மாப்பிள்ளை கையில் கட்டிவிடும் வாட்ச், மறுவீட்டு விருந்துக்குள் நின்றுபோனால் சங்கடம் யாருக்கு? லட்ச ரூபாய் பெயர் போட்ட போலியை விட, மூவாயிரம் ரூபாய் நிஜ வாட்ச்தான் கௌரவம்.